படங்களைக் காவியவர்கள்

நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டில் மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு முடியும். இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் திரும்ப அடுப்பு மூட்டவேண்டும். இடையிலுள்ள நேரத்துக்குச் சம்பளம் இல்லை. வீட்டுக்குப் போய்வருவதென்றால் பஸ்ஸிலேயே அந்த நேரம் கரைந்துவிடும். ஆகவே மழை நாட்களில் ஒக்லாந்து ஆர்ட் கலரிக்குப் போய் இருப்பேன். இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம். குளிர் இல்லை. நாள் முழுக்க நின்ற காலுக்கு வாங்கும் இருக்கிறது. நான் ஓவியம் பார்க்கத் தொடங்கிய கதை இவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை.

சில வருடங்களுக்கு முன் அங்கே பார்த்த ஒரு பெரிய படம் என்னைக் குழப்பியது. நடுக்கடலில் ஒரு வள்ளம், அதற்குள் எலும்பும் தோலுமாய், தாகத்தில் சாகக் கிடக்கும் மனிதர்கள், தூரத்தில் கரை. முதன்முதல் நியூசிலாந்துக்கு வந்துசேரும் மாவோரிகளாம். 1898 இல் லூயிஸ் ஸ்டீல் என்பவரும், ஒக்லாந்தில் பிறந்த சார்ள்ஸ் கோல்டியும் சேர்ந்து வரைந்தது. அகதியாக வந்தவனுக்கு வள்ளத்தில் வந்தவர்களின் படம் பிடிக்காமல் போகுமா? நெடுநேரம் பார்த்தேன். பிறகு வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அது மாவோரிகளைப் பார்த்து வந்த காட்சியே இல்லை. பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் இருக்கும், கப்பலுடைந்து தெப்பத்தில் தவித்தவர்களைப் பற்றிய ஜெரிக்கோவின் புகழ்பெற்ற படத்தை மாதிரியாக வைத்துச் செய்தது. நட்சத்திரமும் அலையும் பார்த்து சமுத்திரத்தைக் கடந்த தேர்ந்த மாலுமிகளை, வழிதவறிப் பட்டினி கிடந்தவர்களாகக் காட்டுகிறது என்று மாவோரிகள் அந்தப் படத்தைக் கண்டித்திருக்கிறார்கள்.

கோல்டி 1893 இல் பாரிஸ் போய், ஜூலியன் அக்கடமியில் புகேரோ போன்றவர்களிடம் படித்தவர். புகேரோ என்றால் அந்தக் காலத்துச் சம்பிரதாய ஓவியத்தின் பெரிய தலை. கோல்டி பாரிஸில் இறங்கும்போது, மொனேயும் பிசாரோவும் கூட்டாளிகளும் தங்கள் முதற் காட்சியை வைத்துப் பத்தொன்பது வருடமாகிவிட்டது. அதே நகரத்தில் இரண்டு பள்ளி. கோல்டி ஒக்லாந்துக்குக் காவிவந்தது பழைய பள்ளியை.

அந்தப் பழைய பள்ளி என்ன, அதை உடைத்தவர்கள் எப்படி உடைத்தார்கள், உடைத்ததை யார் காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஓவியனாகப் பிழைக்க ஒரேயொரு வாசல்தான் இருந்தது. அதன் பெயர் சலோன். (எங்கட ஊர்ச் சலூன் அல்ல, முடி வெட்டமாட்டார்கள்.) அரசு ஆதரவில் நடந்த பெரிய ஓவியக் காட்சி அது. எந்தப் படம் உள்ளே போகலாம் என்று ஒரு நடுவர் குழு தீர்மானிக்கும். அந்தக் குழுவில் அக்கடமிக்காரரின் கைதான் ஓங்கியிருந்தது. அவர்களிடம் ஓவியத்துக்கும் சாதிப் படிநிலை இருந்தது. உச்சியில் புராணமும் சரித்திரமும். அதற்குக் கீழே பிரபுக்களின் உருவப்படம், அன்றாட வாழ்க்கை, இயற்கைக் காட்சி. அடியில் பழமும் பூச்சாடியும். படம் மொழுமொழுவென்று இருக்கவேண்டும். தூரிகை போன தடம் தெரியக்கூடாது. அறைக்குள் இருந்து, பழைய சிலைகளைப் பார்த்து வரைந்து பழகி, அச்சொட்டாய் முடிக்கவேண்டும்.

1863 இல் வந்த சுமார் 5000 படைப்புகளில் பாதிக்கு மேல் நடுவர் குழு நிராகரித்துவிட்டது. நிராகரித்த படத்தின் பின்பக்கத்தில் 'ஆர்' என்ற எழுத்தைக் குத்துவார்களாம். அந்த முத்திரை இருந்தால் வாங்க வந்தவனும் யோசிப்பான். றிஜெக்ற் கடிதம் வாங்கிய எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூச்சல் பெரிதாகவே, மூன்றாம் நெப்போலியன் மன்னன் ஒரு வழி சொன்னான்: நிராகரித்தவற்றை வேறாக மாட்டுங்கள், சனம் பார்த்துத் தீர்மானிக்கட்டும். 'நிராகரிக்கப்பட்டவர்களின் சலோன்' என்று அதற்குப் பெயர் வந்தது. சனம் வந்தது, பார்த்தது, சிரித்தது. அதிகம் சிரித்தது எதுவார் மனேயின் படத்தைப் பார்த்து. கோட்டுப் போட்ட இரண்டு ஆண்களோடு புல்தரையில் உடையில்லாமல் ஒரு பெண். புராணத் தேவதை என்றால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் பாரிஸ் நகரத்துச் சாதாரணப் பெண்ணாக இருந்ததுதான் பிரச்சினை.

அதற்கு முந்திய வருடமளவில் மொனே, ரெனுவார், சிஸ்லி, பஸீல் என்ற நாலு இளைஞர்கள் கிளேர் என்ற ஆசிரியரின் பட்டறையில் சந்தித்திருந்தார்கள். அவர்கள் படச் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். இதைப் பெரிய கொள்கைப் புரட்சி என்றுதான் சொல்லுவார்கள். சமையற்கட்டில் நிற்கும் எனக்கு அதிலுள்ள சாமான்தான் கண்ணில் படுகிறது. அதற்கு முன் எண்ணெய் வர்ணத்தை அரைத்து, குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். 1841 இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ரியூப்பைக் கண்டுபிடித்தார். பற்பசை மாதிரி அமத்தினால் வர்ணம் வரும், மூடினால் காயாது. அதோடு ரயில் வந்தது. காலையில் பாரிஸில் ஏறினால் சிறிது நேரத்தில் ஆற்றங்கரையில் ஆர்ஜந்தெய். இரசாயனத் தொழிற்சாலைகளிலிருந்து புது நீலமும் புது மஞ்சளும் வந்தன. பட்டறையைக் காவிக்கொண்டு வெளியே போகலாம் என்ற நிலை வந்தபிறகுதான் வெளிச்சத்தைத் துரத்த முடிந்தது.

வெளியே போனவர்கள் ஒன்றைக் கண்டார்கள். நிழல் கறுப்பில்லை.

இதை நான் மொனேயிடம் படிக்கவில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருந்த சித்திர மாஸ்ரரிடம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் வாளியும் தேங்காயும் வைத்து வரையச் சொல்லுவார்கள். நிழலைக் கறுப்புப் பென்சிலால் தேய்ப்போம். ஒருநாள் மத்தியானம் பனையின் நிழலை நான் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்க, மாஸ்ரர் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, உந்த நிழலை வடிவாப் பார். கறுப்பே?"

"ஓம் மாஸ்ரர்."

"கொப்பியைப் பார்க்காதை. மண்ணைப் பார்."

பார்த்தேன். வெள்ளை மணலில் பனையின் நிழல் நீலமும் ஊதாவும் கலந்து கிடந்தது. பதின்மூன்று வருடமாக மிதித்துத் திரிந்த நிழல். அன்றைக்குத்தான் பார்த்தேன். இம்பிரஷனிசம் என்றால் என்ன என்று யாரும் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கொப்பியைப் பார்க்காதே, மண்ணைப் பார்.

*

1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் வந்தது. பஸீல் படையில் சேர்ந்து, இருபத்தெட்டு வயதில் செத்துப்போனான். மொனேயும் பிசாரோவும் லண்டனுக்கு ஓடினார்கள். பிசாரோ பாரிஸுக்கு அருகே லூவ்சியென் என்ற ஊரில் இருந்தவர். கரிபியன் தீவொன்றில் பிறந்து வந்தவர், பிரான்சிலும் அந்நியர்தான். அவர் விட்டுப்போன வீட்டில் பிரஷ்யப் படை குடியிருந்தது. சேறான தோட்டத்தில் கால் நனையாமல் நடக்க அவருடைய கன்வஸ்களை விரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. திரும்பி வந்து பார்த்தபோது ஏறக்குறைய இருபது வருட உழைப்பில் ஒரு சிறு பகுதிதான் மிச்சம். பிசாரோவின் ஆரம்பகால ஓவியங்கள் ஏன் குறைவு என்று கலைப் புத்தகங்களில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

லண்டனில் இன்னொரு அகதியைச் சந்தித்தார்கள். போல் டுராண்ட்-ருயல் என்ற பட வியாபாரி. அவரும் யுத்தத்துக்குப் பயந்து தன் சரக்கோடு வந்தவர். ஒருவரும் வாங்காத படங்களை அவர் வாங்கத் தொடங்கினார்.

1873 டிசம்பரில் இவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு யாப்பு வேண்டும். பிசாரோ கொண்டுவந்த மாதிரி என்ன தெரியுமா? பொந்துவாஸ் ஊர்ப் பாண் போறணைக்காரர் சங்கத்தின் யாப்பு. இதை வாசித்தபோது எனக்குப் புழுகம் தாங்கவில்லை. கலையின் சரித்திரத்தை மாற்றிய கூட்டத்தின் சட்டதிட்டம் பேக்கரியிலிருந்து வந்தது! நடுவர் கிடையாது, பரிசு கிடையாது. ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. எங்கட ஆட்கள் சீட்டுக் கட்டுவது மாதிரி.

1874 ஏப்ரல் 15 இல் நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்ரூடியோவில் முதற் காட்சி திறந்தது. முப்பது பேரளவில் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குள் பேர்த் மொரிசோ என்ற பெண்ணும் ஒருவர். நுழைவு ஒரு பிராங்க். இரவு எட்டிலிருந்து பத்து வரையும் திறந்திருந்தது. பகலில் வேலை செய்பவனும் வரலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மொனே லு ஹாவ்ர் துறைமுகத்தில் வரைந்த காலைப் படத்துக்கு 'இம்பிரஷன், சூரியோதயம்' என்று பெயர் வைத்திருந்தார். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'இம்பிரஷனிஸ்ட்டுகள்' என்று கேலி எழுதினார். கேலிப்பெயரே நிலைத்தது. காட்சி நட்டம். வருட முடிவில் கணக்குப் பார்த்தால், அங்கத்தவர் ஒவ்வொருவரும் 184 பிராங்க் 50 சதம் கட்டவேண்டிய கடன். சங்கத்தைக் கலைத்தார்கள். ஆனாலும் 1886 வரை எட்டுக் காட்சிகள் வைத்தார்கள். எட்டிலும் இருந்தவர் பிசாரோ ஒருவர்தான்.

இந்தக் கதையை எல்லோரும் இங்கே நிறுத்திவிட்டு "பிறகு உலகம் அவர்களை ஏற்றுக்கொண்டது" என்று முடித்துவிடுவார்கள். உலகம் தானாக எதையும் ஏற்பதில்லை. இந்தக் கூட்டத்தில் காய்போத் என்ற ஒரு பணக்காரப் பையன் இருந்தார். அவரும் ஓவியர். கூட்டாளிகளின் விலைபோகாத படங்களை வாங்கினார், வாடகை கட்டினார், காட்சிக்குச் செலவழித்தார். 1876 இலேயே, இருபத்தெட்டு வயதில், மரண சாசனம் எழுதிவிட்டார்: படங்களை அரசுக்குத் தருகிறேன், ஆனால் பரணிலோ மாகாண மியூசியத்திலோ போடக்கூடாது, லக்சம்பூர்க் மியூசியத்திலும் பிறகு லூவ்ரிலும் மாட்டவேண்டும். 1894 இல் அவர் இறந்ததும், சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாரிடம் வந்தது. அரசோடு வருடக்கணக்காய் இழுபறி. ஜெரோம் போன்ற அக்கடமிக்காரர் கொதித்தார்கள். கடைசியில் அறுபதுக்கு மேற்பட்டவற்றில் நாற்பதளவை ஏற்று, 1897 இல் மாட்டினார்கள். அரச மியூசியத்துக்குள் இம்பிரஷனிசம் கூட்டமாக நுழைந்தது அப்படித்தான்.

நியூசிலாந்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. டனீடனில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து இறந்த பிரான்சிஸ் ஹொட்ஜ்கின்ஸ் என்ற பெண் ஓவியரின் படங்கள் 1948 இல் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வந்தன. அங்கிருந்த கலைச் சங்கம் ஒன்றையும் வாங்க மறுத்தது. சனம் காசு சேர்த்து 'இன்பத் தோட்டம்' என்ற படத்தை வாங்கி நகரத்துக்குச் சும்மா கொடுக்க, அதையும் மறுத்தார்கள். 1951 இல்தான் ஏற்றார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்க வைப்பதற்குச் சண்டை பிடிக்க ஆள் வேண்டும்.

*

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் தேயிலையோடும் ரயிலோடும் கொண்டுவந்த சாமான்களில் இந்த அக்கடமி முறையும் ஒன்று. கொழும்பில் இலங்கைக் கலைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. விக்டோரியா காலத்து ரசனை: அச்சொட்டான உருவப்படம், அந்திச் சூரியன், தென்னை. 1920களில் கல்வித் திணைக்களத்துக்குச் சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் வின்சர் என்பவர்தான் முதலில் ஜன்னலைத் திறந்தார். பாரிஸின் புது ஓவியத்தை அறிந்தவர். பிறகு லயனல் வென்ட். வழக்கறிஞர் படிப்பு, பியானோ, புகைப்படம். இளம் ஓவியர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட மனிதர்.

1943 ஓகஸ்ட் 29 இல் வென்டின் வீட்டில் கூடி '43 குழு'வை ஆரம்பித்தார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், றிச்சர்ட் கேப்ரியல், கார்ட்டூன்காரர் ஒப்ரி கொலெற், கோயில் சுவரோவியங்களைப் பிரதிசெய்த பிக்கு மஞ்சுசிறி முதலானோர். அதே வருடம் நவம்பரில் முதற் காட்சி. 1874 பாரிஸுக்கு அறுபத்தொன்பது வருடம் பிந்தி. ஆகையால் இவர்கள் வரைந்தது இம்பிரஷனிசம் அல்ல. மத்தீஸையும் பிக்காசோவையும் பார்த்தவர்கள், கூடவே சீகிரியாவையும் விகாரைச் சுவர்களையும் பார்த்தவர்கள். ஆனால் உடைத்த கதவு அதே கதவு. 1952 இல் லண்டனிலும் 1953 இல் பாரிஸிலும் காட்சி வைத்தார்கள்.

வென்ட் 1944 டிசம்பரில், நாற்பத்திநாலு வயதில் திடீரென்று இறந்துபோனார். அவருடைய புகைப்பட நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. கொழும்பில், குண்டு விழாமலேயே போனது. குழுவிலிருந்தவர்களும் பிறகு சிதறினார்கள். ஐவன் பீரிஸ் இங்கிலாந்துக்கு, கொலெற் அவுஸ்திரேலியாவுக்கு. அப்படியிருந்தும் அவர்களின் படங்களை இன்றைக்கும் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு முக்கிய காரணம் ஹரி பீரிஸ். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் தன் வீட்டையே 1974 இல் சப்புமல் நிலையமாக்கி, கூட்டாளிகளின் படங்களைச் சுவரில் மாட்டினார். 1988 இல் அவர் இறந்தபிறகும் வீடு நிற்கிறது. இவர்தான் எங்கட நாட்டுக் காய்போத்.

அந்த 43 குழுவின் ஆரம்பகாலப் பெயர்களுக்குள் ஒரு யாழ்ப்பாணத்தவர் பெயரும் வருகிறது. எஸ்.ஆர். கனகசபை. வடபகுதியில் சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர். அதற்கு முன்னரே, 1930களின் கடைசியில், வின்சரின் பெயரால் யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரக் கழகத்தை அமைத்து, ஆசிரியர்களைச் சேர்த்து வரையவைத்தவர். எங்கட மாஸ்ரர் "கனகசபை மாஸ்ரரைக் கண்டு கதைச்சனான்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் மாற்கு. 1933 இல் குருநகரில் பிறந்து, கொழும்பில் டேவிட் பெயின்ரரிடம் படித்து, ஊருக்குத் திரும்பியவர். அச்சொட்டாய் வரையும் பழக்கத்தை விட்டு, கோடும் நிறமும் கொண்டு தன் வழியில் தேடியவர். விடுமுறைக்கால ஓவியர் கழகம் நடத்தினார். பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். அருந்ததி, வாசுகி போன்ற பெண்கள் அவரிடமிருந்து ஓவியர்களாக வந்தார்கள். 1987 இல் அவரைக் கௌரவித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. யுத்தத்துக்கு நடுவில் ஓர் ஓவியனுக்குப் புத்தகம் போட்ட ஊர் அது. அதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் 1995 இடப்பெயர்வில் மாற்குவின் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. 2000 ஆம் ஆண்டு அவரும் போய்விட்டார்.

*

இனி நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பதைச் சொல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. எனக்குப் பதினெட்டு வயது. என்னிடம் சைக்கிள் இருந்தது. மாஸ்ரர் ஒரு சுருளைக் கொண்டுவந்து தந்தார். பத்துப் பன்னிரண்டு படங்கள், உரப்பையால் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. "நான் நடந்துதான் வரவேணும் தம்பி. நீ இதைக் கொண்டுபோ, சாவகச்சேரியில வாங்கிறன்" என்றார்.

அந்த இரவை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தில் லட்சக்கணக்கான சனம், அடி எடுத்து வைக்க இடமில்லை. பாலம் தாண்டிக் கைதடிப் பக்கத்தில் ஒரு ஆச்சி றோட்டில் இருந்துவிட்டா. ஆரென்று தெரியாது. அவவை ஏற்றவேண்டுமென்றால் கரியரில் இருந்ததை இறக்கவேண்டும். என் சேட்டிபிக்கற் பை ஹான்டிலில் தொங்கியது. அதை நான் இறக்கவில்லை. சுருளைத்தான் இறக்கி வேலியோரம் சாத்தினேன். திரும்பி வந்து எடுப்பேன் என்று நினைத்தேன்.

ஆச்சியை ஏற்றியது பிழையென்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சேட்டிபிக்கற் பையை நினைப்பேன். அதைக் கொண்டு பல்கலைக்கழகம் போய், இரண்டாம் வருடத்தோடு நின்று, இன்றைக்கு வெங்காயம் வெட்டுகிறேன். மாஸ்ரர் அந்தச் சுருளைப் பற்றிப் பிறகு என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவருடைய பெயரை எந்தப் புத்தகத்திலும் காணமாட்டீர்கள். மாற்குவுக்கு ஒரு தொகுப்பாவது இருக்கிறது. இவருக்கு என் ஞாபகம் மட்டும்தான். அதிலும் ஒரு படம்தான் தெளிவாக நிற்கிறது. பனைக்குக் கீழே ஒரு ஆடு, நீல நிழல்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் 'முடிவுறாத தோம்பு' என்று பொருள்படும் பெயரில் ஒரு புத்தகம் செய்தார். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீடுகளை ஞாபகத்திலிருந்து வரைந்த வரைபடங்கள். வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்ல. ஆனால் அதை ஒருவர் கேட்டு, வாங்கி, சேர்த்து, அச்சடித்தபடியால் அது நிற்கிறது.

மரபை உடைப்பவன் ஒருவன், உடைத்ததைக் காவுபவன் வேறொருவன். இரண்டாமவன் இல்லாவிட்டால் முதலாமவன் இருந்ததே தெரியாது. பாரிஸில் காவ ஆள் இருந்தது. கொழும்பில் இருந்தது. எங்களிடம் இருந்தவர்களை ஆமியும் செல்லும் துரத்திக்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் இப்போது துரத்துவார் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இங்கேயும் எங்கட வீடுகளில் எவ்வளவு சுவர் இருக்கிறது!

ஆகவே ஒரு வேண்டுகோள். அம்மாவின் சூட்கேசைத் திறந்து பாருங்கள். அப்பாவின் பழைய பைலுக்குள், அல்பத்துக்கு அடியில், ஊரில் யாரோ வரைந்து தந்த ஒரு படம் இருக்கலாம். சித்திர மாஸ்ரர் கீறியது, கலியாண வீட்டுக்கு யாரோ தந்தது, பத்திரிகைக்கு வரைந்தது. அழகாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம், அதைப் பிறகு பார்க்கலாம். பென்சிலால் மெதுவாகப் பின்பக்கத்தில் எழுதுங்கள்: வரைந்தவர் பெயர், ஊர், வருடம், எப்படி உங்கள் கைக்கு வந்தது. சலோன்காரர் முத்திரை குத்திய அதே இடம்தான். நாங்கள் அதில் பெயரை எழுதுவோம்.